முதுகில் ஏறிய ஏழரை

கவுண்டரில் இருந்த தராசு 7.5 காட்டியது. கையோடு கொண்டுபோகும் பைக்கு அனுமதி 7 கிலோ. "ஏழரை ஆரம்பித்துவிட்டது" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அங்கிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. "அரைக் கிலோ கூடுதலா இருக்கு சார், குறைச்சிட்டு வாங்க" என்றார்.

ஓரமாக ஒதுங்கிப் பையைத் திறந்தேன். மழை ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பவர் பேங்க் பேன்ட்டின் இடது பாக்கெட்டுக்குள் போனது, சார்ஜரும் அதன் ஒயரும் வலது பாக்கெட்டுக்குள். நடந்தால் இரண்டும் தொடையில் இடித்தன. மறுபடி வைத்தபோது 6.6. "இப்போ ஓகே" என்று பையின் கைப்பிடியில் ஒரு சீட்டைக் கட்டிவிட்டார். பாதுகாப்புச் சோதனை முடிந்த கையோடு எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் திணித்தேன். இந்த இடமாற்றத்தால் விமானம் தூக்க வேண்டிய எடையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. பையிலிருந்து ஆளுக்கு மாறி, ஆளிடமிருந்து பைக்கே திரும்பியது, அவ்வளவுதான்.

அன்றைக்கு அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு சுமை எவ்வளவு என்பதைவிட, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயமே என்று அடுத்த மூன்று நாளில் என் தோளுக்கும் உள்ளங்கைக்கும் புரிந்தது. ஏனென்றால் அதே விமானத்தின் அடிவயிற்றில், ஒரு அட்டைப்பெட்டிக்குள், என் சைக்கிளும் வந்துகொண்டிருந்தது. இறங்கிய இடத்திலிருந்து இதே பையை மாட்டிக்கொண்டு மூன்று நாள் ஓட்டுவதாகத் திட்டம்.

முதலில் விமானக் கதையை முடித்துவிடுகிறேன். விமானத்துக்கு முதுகுப்பைதான் சரி என்பதில் எனக்கு இன்றும் இரண்டாவது கருத்து கிடையாது. சக்கரப் பெட்டியைக் குறை சொல்லவில்லை. பெட்டிக்குச் சக்கரம் வைத்து இழுக்கும் யோசனைக்கு அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ காப்புரிமை பெற்றது 1972இல். இன்று எல்லாரும் இழுத்துக்கொண்டு போகிறார்களே, செங்குத்தாக நிற்கும், கைப்பிடி நீண்டு வரும் பெட்டி, அதை 1987இல் உருவாக்கியவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. வழவழப்பான தரையில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. விமானியின் கால் படுகிற தரையெல்லாம் அப்படித்தானே இருக்கும்? படிக்கட்டு, மேடுபள்ளம், தேங்கிய தண்ணீர் என்று வந்துவிட்டால் பெட்டிக்காரர் பெட்டியைத் தூக்கியாக வேண்டும். தூக்கும்போதுதான் காலிப் பெட்டியின் எடை தெரியும். சக்கரமும் குழாயும் கெட்டியான ஓடும் சேர்ந்து இரண்டரைக் கிலோவை எளிதாகத் தொட்டுவிடும். ஏழு கிலோ அனுமதியில் மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்கே போய்விடுகிறது. என் பை காலியாக 1.2 கிலோ.

பை வாங்கும்போது லிட்டர் கணக்கில் சொல்வார்கள். முப்பது லிட்டர், நாற்பது லிட்டர் என்று. அது ஏன் நாற்பதில் வந்து நிற்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஒருநாள் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். பல விமான நிறுவனங்கள் அனுமதிக்கும் அளவு 55 × 40 × 20 செ.மீ.யை ஒட்டி இருக்கும். பெருக்கினால் 44,000 கன சென்டிமீட்டர், அதாவது 44 லிட்டர். மூலைகள் வளைந்திருக்கும், துணிக்கும் பஞ்சுக்கும் கொஞ்சம் இடம் போகும், மிஞ்சுவது நாற்பது. ஐஏடிஏ என்கிற பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் 56 × 45 × 25 என்று கொஞ்சம் தாராளமாகவே ஒரு வழிகாட்டு அளவு சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல் மட்டும்தான். கடைசி வார்த்தை டிக்கெட் கொடுத்த நிறுவனத்துடையது. அதனால் நிறுவனத்தின் பக்கத்தைப் புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம்.

நாற்பது லிட்டர் பையை வாங்கிவிட்டு, முன்பக்கப் பாக்கெட்டில் ஸ்வெட்டரைத் திணித்து, பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி ஆக்கி வைத்தால், பையை அளந்து பார்க்க விமான நிலையத்தில் வைத்திருக்கும் அளவுச் சட்டத்துக்குள் போகாது. போகாத பையைச் சட்டத்துக்குள் அழுத்திக் குத்துவதை ஒரு கூட்டமே நின்று பார்க்கும். முதுகுப்பைக்கு ஒரு சலுகை உண்டு. துணிதானே, பக்கவாட்டு வார்களை இழுத்து இறுக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்வாங்கும். ஓடு போட்ட பெட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மேலே மட்டும் வாய் திறக்கும் மலையேற்றப் பையை விமானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பேன். அடியில் இருக்கும் ஒன்றை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் வெளியே கொட்ட வேண்டும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது அது நடந்தால் அந்த இருபது பேரின் பெருமூச்சும் பிடரியில் படும். மூன்று பக்கமும் ஜிப் ஓடி, பெட்டிபோல விரிந்து திறக்கிற பைதான் நல்லது. பல இடங்களில் இன்னமும் மடிக்கணினியை வெளியே எடுக்கச் சொல்கிறார்கள், திரவப் பொருள்களையும்தான். அந்தத் திரவ விதி 2006இல் வந்தது. குளிர்பானப் பாட்டில்களில் திரவ வெடிபொருளை நிரப்பி அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கும் சதி பிரிட்டனில் அம்பலமானதன் விளைவு அது. ஒரு குப்பி 100 மில்லிக்கு மிகக் கூடாது, எல்லாக் குப்பிகளும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். புதிய ஸ்கேனர் வந்த விமான நிலையங்கள் சிலவற்றில் இது தளர்ந்திருக்கிறது. ஆனால் போகும் வழியில் தளர்ந்திருப்பது திரும்பும் வழியில் தளர்ந்திருக்கும் என்று நம்பக் கூடாது. பற்பசையும் திரவக் கணக்குதான். 150 மில்லிக் குழாயில் கடைசிச் சொட்டுதான் மிச்சம் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. அவர்கள் பார்ப்பது குழாயில் அச்சடித்த எண்ணை.

பவர் பேங்க் விஷயத்தில் விதி தலைகீழ். அதைச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது, கையோடுதான் வர வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் அணைக்க ஆளிருக்கிறது, கீழே இல்லை. பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலை வாட்-மணியில் சொல்வார்கள். 100 வாட்-மணி வரை தனி ஒப்புதல் இல்லாமல் கொண்டுபோகலாம், 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். சாதனத்தின் மேல் மில்லி ஆம்பியர்-மணி மட்டும் போட்டிருந்தால் அதை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் போதும். 20,000 என்றால் 74 வாட்-மணி. மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இங்கேயே கதவு சாத்திவிடும். அதன் பேட்டரி பெரும்பாலும் 400, 500 வாட்-மணி. பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

சில சமயம் மேல்தட்டில் இடமில்லை என்று ஏறும் வாசலிலேயே பையை வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அந்த அவசரத்தில் பவர் பேங்க்கையும் மாத்திரையையும் தேடிக் கொண்டிருக்க முடியாது. அதனால் பைக்குள் ஒரு குட்டிப் பை வைத்திருக்கிறேன். பவர் பேங்க், மருந்து, கண்ணாடி, சாவி எல்லாம் அதில். பெரிய பை பிரிந்து போகும்போது குட்டிப் பையை மட்டும் உருவிக்கொண்டு ஏறிவிடலாம். பாஸ்போர்ட் அதிலும் இல்லை, சட்டைப் பாக்கெட்டில். அவசரமாக வெளியேற வேண்டிய நிலை வந்தால் எந்தப் பையையும் தொடக் கூடாது. பாதி வாசல்கள் மட்டும் திறந்த நிலையில் 90 நொடிக்குள் அத்தனை பேரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் பெரிய பயணிகள் விமான மாதிரிக்கு அனுமதியே கிடைக்கும். அந்த 90 நொடிக் கணக்கில் மேல்தட்டைத் திறந்து பை இறக்கும் நேரம் சேரவில்லை.

இன்னொன்று. விமானத்துக்குள் நுழைந்ததும் பையை முதுகிலிருந்து கழற்றி முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். முதுகில் இருக்கும் பை எங்கே முடிகிறது என்று மாட்டியிருப்பவருக்குத் தெரியாது. இருக்கை எண்ணைப் பார்க்க இடது பக்கம் திரும்பினால் வலது பக்க வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணாடி பறக்கும். அடித்தவர் எதுவும் தெரியாமல் 23சி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். நானும் அடித்திருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன்.

சரி, முதுகு. பனியில் பதப்பட்டு 1991இல் ஆல்ப்ஸ் மலையில் கிடைத்த ஓட்ஸி என்ற மனிதனின் உடலருகே, வளைத்த ஒரு மரக்கொம்பும் சில பலகைகளும் கிடந்தன. அது முதுகில் சுமை கட்டும் சட்டம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அவன் வாழ்ந்தது ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்பு. ஆக, முதுகில் தூக்குவது பழைய பழக்கம். தோளில் தொங்குவதை இடுப்புக்கு இறக்கியதுதான் நவீன காலத்துப் புத்தி. 1952இல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டியும் அவர் மனைவி நீனாவும் அலுமினியக் குழாய்ச் சட்டத்தோடு பை தைத்து விற்கத் தொடங்கினார்கள். சட்டத்தின் கீழ்முனைகளைப் பேன்ட்டின் பின்பாக்கெட்டுகளுக்குள் செருகிப் பார்த்தபோது தோளில் இருந்த பாரம் இடுப்புக்கு இறங்கியதாம். அங்கிருந்துதான் இடுப்புப் பட்டை வந்தது என்பார்கள். 1967இல் கிரெக் லோ அந்தச் சட்டத்தைப் பைக்கு உள்ளேயே ஒளித்துவைத்தார். இன்று நம் முதுகில் இருப்பது அதன் வாரிசு.

இவ்வளவு பேர் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த இடுப்புப் பட்டையை மாட்டாமல், வால்போலத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பவர்கள்தான் விமான நிலையம் முழுக்க. மாட்டும் வரிசை இருக்கிறது. முதலில் எல்லா வார்களையும் தளர்த்திவிட வேண்டும். பையை மாட்டி, லேசாகக் குனிந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு பட்டையின் நடுவில் வருமாறு வைத்து இறுக்க வேண்டும். தொப்புளுக்கு மேலே கட்டினால் மூச்சு முட்டும், கீழே இறங்கினால் தொடை இடிக்கும். அப்புறம்தான் தோள் வார். அது தோளைத் தழுவினால் போதும், தூக்கக் கூடாது. கடைசியாகத் தோளுக்கு மேலே இருக்கும் சின்ன இழுவார், மார்புக் கிளிப். சரியாக மாட்டியிருந்தால் தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும். பாரம் இடுப்பில் உட்கார்ந்து காலுக்குப் போய்விடும். காலுக்குச் சுமப்பது பழக்கமான வேலை.

இந்த வித்தையெல்லாம் தெரிந்த கர்வத்தில்தான் சைக்கிளுக்கும் இதே பை போதும் என்று முடிவுசெய்திருந்தேன்.

அந்தக் கர்வத்துக்கு முதல் அடி பாதுகாப்புச் சோதனையிலேயே விழுந்தது. பையை ஸ்கேனருக்குள் இரண்டாம் முறை அனுப்பினார்கள். மூன்றாம் முறை அனுப்பியபோது என்ன இருக்கிறது என்பது எனக்கே நினைவுக்கு வந்துவிட்டது. பக்கப் பாக்கெட்டில் சைக்கிள் மல்டி டூல். அலன் கீ, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒரே கட்டாக மடங்கி இருக்குமே, அது. சில நாடுகளில் 18 செ.மீ.க்குக் குறைவான கருவிகளைக் கேபினுக்குள் விடுவார்கள். வேறு இடங்களில் ஸ்பேனர் என்ற பேச்சே கூடாது. சைக்கிள் பெட்டி எப்போதோ உள்ளே போய்விட்டது. அதில் போட்டிருக்க வேண்டிய சாமானை, எப்போதும் பையில் இருக்கிறது என்ற பழக்கத்தில் பையிலேயே விட்டிருந்தேன். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போய் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஏழரையில் 180 கிராம் கழிந்தது.

இறங்கிய பிறகுதான் அந்த 180 கிராமின் மதிப்பு தெரிந்தது. பெட்டியைப் பிரித்தால் ஹேண்டில்பார் தனி, பெடல் தனி, முன் சக்கரம் தனி. மாட்டுவதற்குக் கையில் நகம் மட்டும்தான் இருக்கிறது. வருகைக் கூடத்தின் கோடியில் இன்னொருவர் அதே மாதிரி அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். கருவிகளைத் துணிச்சுருளில் வரிசையாகச் செருகி விரித்து வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே, "எடுத்துக்குங்க தம்பி" என்றார்.

வலது பெடலை மாட்டிவிட்டேன். இடது பெடல் ஏறவே இல்லை. மரை மீறிக் கிரீச்சென்று ஒரு சத்தம். பெரியவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அது எதிர்மரை. ரெண்டு பக்கமும் வண்டியோட முன்பக்கம் பார்த்துச் சுத்தணும்." இது தெரியாத விஷயமல்ல. கழற்றியபோது சரியாகத்தான் கழற்றினேன். பதற்றத்தில் கை மறந்துவிட்டது. நல்ல வேளை, மரையின் முதல் சுற்று மட்டும் லேசாகச் சிராய்த்திருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

டயர் இரண்டும் தொளதொளவென்று இருந்தன. காற்றைப் பிடுங்கினால்தான் பெட்டியை வாங்குவோம் என்று கவுண்டரில் சொல்லியிருந்தார்கள். மேலே போனால் டயர் வெடித்துவிடும் என்ற பயம். சரக்கறையிலும் பயணிகள் பகுதியின் அதே காற்றழுத்தம்தான். அழுத்தமே இல்லாத வெட்டவெளியில் டயரைத் தூக்கிப் பிடித்தாலும் கூடுவது ஒரு வளிமண்டல அழுத்தம், டயர் காற்றை அளக்கும் பிஎஸ்ஐ கணக்கில் 15கூட முழுசாக வராது. இதையெல்லாம் கவுண்டரில் விளக்கிக்கொண்டிருந்தால் விமானம் போய்விடும். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ரிம் அடிபடாத அளவுக்கு மிச்சம் வைப்பதுதான் விவேகம். கைப்பம்பு பெட்டியிலேயே இருந்தது. ஒரே அழுத்தில் காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் இருக்கின்றனவே, அவற்றை முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்காமல் எந்தப் பையிலும் வைக்காதீர்கள். அழுத்தம் அடைத்த குப்பி என்றாலே அவர்களுக்கு ஆகாது.

எல்லாம் மாட்டி முடித்துப் பையை முதுகில் ஏற்றினேன். இடுப்புப் பட்டை, தோள் வார், மார்புக் கிளிப், வரிசை தவறாமல். பெரியவர் தன் வண்டியின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் இரண்டு பைகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். என் கேரியரில் கூடாரம் மட்டும் இருந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பின்னாடி கேரியர் இருக்கே?"

"முதுகுல பழகிடுச்சுங்க."

அவர் வாதாடவில்லை. துணிச்சுருளுக்கு அடியிலிருந்து நைலான் பட்டை ஒன்றை, பக்கிளோடு, எடுத்து என் கூடாரத்துக்கு மேலே சொருகினார். "இருக்கட்டும் தம்பி."

முதல் ஐந்து கிலோமீட்டர் சுகமாகத்தான் இருந்தது. பத்தாவதில் உள்ளங்கை எரியத் தொடங்கியது. இருபதாவதில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. கையை உதறி உதறி ஓட்டினேன். நிமிர்ந்து நடக்கும்போது இடுப்பெலும்பு ஒரு அலமாரித் தட்டு மாதிரி, மேலே வைத்த பாரத்தைத் தாங்கி நிற்கும். சைக்கிளில் முன்னால் குனிந்ததும் அந்தத் தட்டு சரிந்துவிடுகிறது. இடுப்புப் பட்டை பை ஆடாமல் பிடிக்கத்தான் உதவும், பாரம் தாங்காது. அந்த ஏழு கிலோவில் ஒரு பகுதி தோள் வழியாகக் கைக்கு இறங்கி ஹேண்டில்பாரில் போய் நிற்கிறது, மீதி சீட்டில். உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நர் நரம்பு நசுங்கினால் அந்த இரண்டு விரல்கள்தான் மரக்கும். மருத்துவத்தில் இதற்குச் சைக்கிள்காரர் வாதம் என்ற பொருளில் ஒரு பெயரே இருக்கிறது.

இறக்கம் வந்தபோது வேறொரு வேடிக்கை. முன்னால் நன்றாகக் குனிந்தேன், பையின் தலைப்பகுதி ஹெல்மெட்டின் பின்பக்கத்தை முட்டி, ஹெல்மெட் புருவத்துக்கு இறங்கியது. தலையை நிமிர்த்தவும் முடியவில்லை. வளைவில் பாதி ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு பிரேக்கைப் பிடித்தேன். மேலே இருக்கும் பாரம் பிரேக் பிடித்ததும் முன்னால் தள்ளும் என்று அந்த நொடியில் பாடம் எடுத்தது. பின்னால் வண்டி வருகிறதா என்று தோளுக்கு மேல் திரும்பினால் தெரிவது பையின் பக்கவாட்டு ஜிப். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் வண்டி இடப்பக்கம் சாயும்போது பை வலப்பக்கம் போகும். என் முதுகில் இன்னொருவன் உட்கார்ந்துகொண்டு எதிர்ப்பக்கம் சாய்கிற மாதிரி.

வியர்வையைச் சொல்லாமல் விட முடியாது. நடுமுதுகு உடம்பிலேயே அதிகம் வியர்க்கும் இடங்களில் ஒன்று. சைக்கிள் ஓட்டுபவரைக் குளிர்விப்பது வியர்வையை உலர்த்தும் காற்றுதான். சரியாக அந்த இடத்தில் ஒரு பஞ்சு மெத்தையைக் கட்டி மூடிவைத்திருந்தேன். முதுகுக்கும் பைக்கும் நடுவில் இடைவெளி விட்டு வலையை இழுத்துக் கட்டும் ஏற்பாட்டை, பை செய்யும் டாய்ட்டர் நிறுவனம் 1984லேயே கொண்டுவந்துவிட்டது. அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடைவெளிக்காகப் பை முதுகிலிருந்து இன்னும் சில சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. பாரம் தள்ளிப் போனால் இழுப்பும் கூடும்.

அறுபது கிலோமீட்டர் முடிந்து சாயங்காலம் கூடாரம் போட்டேன். பையைக் கழற்றியதும் உடம்பு தானாக முன்னால் ஒரு அடி போனது. பையின் முதுகுப்பக்கம் முழுக்க ஈரம். காய்ந்த பிறகு வார்களின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது, கடற்கரையில் அலை ஏறி இறங்கிய கோடு மாதிரி. உள்ளே துணிகளிலும் ஈரம் இறங்கியிருந்தது. மழை ஜாக்கெட் பத்திரமாக இருந்தது. மழையே பெய்யவில்லை.

சைக்கிளில் நெடுந்தூரம் போன முன்னோடிகள் இதையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டார்களோ என்னவோ. முன்சக்கரம் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும் பழைய பெரிய சக்கர சைக்கிளில் உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ், 1884இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பும்போது எடுத்துக்கொண்டவை சில காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. எல்லாம் ஹேண்டில்பாரில் கட்டிய பைக்குள். 1886 டிசம்பரில் யோக்கோஹாமாவில் முடித்தார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, தெற்கு இங்கிலாந்தின் மழையில் நனைந்துகொண்டு ஓட்டிய ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற ஜெர்மானிய இளைஞர், பக்கத்தில் போன லாரிகளின் தார்ப்பாயைப் பார்த்து அந்தத் துணியிலேயே சைக்கிள் பை செய்யலாமே என்று நினைத்தார். 1982இல் நிறுவனம் தொடங்கினார். வாயைச் சுருட்டி மடித்துக் கிளிப் போடும், தண்ணீர் புகாத பக்கப்பை இன்று நெடும்பயண சைக்கிள்காரர்களின் அடையாளமாகிவிட்டது. பெரியவரின் வண்டியில் தொங்கியதும் அந்த வகைதான்.

மறுநாள் காலை அவர் கொடுத்த பட்டையை எடுத்தேன். பையைக் கேரியரின் மேல் படுக்கப்போட்டேன், தோள் வார் இருக்கும் பக்கம் கீழே. இடுப்புப் பட்டையைப் பையைச் சுற்றிப் பின்பக்கமாகக் கொண்டுவந்து பக்கிளைப் போட்டேன். தொங்கும் வால்களையெல்லாம் சுருட்டி உள்ளே சொருகினேன். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடக் கூடாது. ஒரு வார் நழுவிப் பின்சக்கரக் கம்பிக்குள் போனால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். பட்டையைக் கேரியரின் இருபுறக் கம்பிகளிலும் நுழைத்து, பையின் கைப்பிடி வழியாகவும் ஒருமுறை விட்டு இழுத்துக் கட்டினேன். பிடித்து ஆட்டினால் வண்டியோடு சேர்ந்துதான் ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது. கேரியர் தாங்கும் எடையை அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். என்னுடையதில் 25 கிலோ என்றிருந்தது. முந்தைய நாள் முழுக்க அது ஒரு கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு சும்மா வந்திருக்கிறது.

முதல் மிதியில் வண்டி கொஞ்சம் மந்தமாக நகர்ந்தது. நிறுத்தி இறங்கும்போது பின்பக்கம் சாயப் பார்த்தது, பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாரம் இன்னும் கீழே, சக்கரத்தின் இருபுறமும் சமமாக இருந்தால் அதுவும் இருக்காது. மற்றபடி ஓடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் முதுகில் காற்று பட்டது. அந்த ஒரு காற்றுக்காகவே இன்னும் பத்துக் கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டினேன் என்று சொன்னால் மிகை என்பீர்கள். 71 ஓட்டினேன்.

அதற்காகச் சைக்கிளில் முதுகுப்பையே ஆகாது என்று நான் கட்சி கட்டவில்லை. வேலைக்குப் போகும்போது மடிக்கணினி என் முதுகில்தான் வருகிறது. கேரியரில் வைத்தால் ஒவ்வொரு குழியின் உலுக்கலும் நேராக அதன் மேல் விழும், முதுகில் இருந்தால் முழங்காலும் முழங்கையும் பாதியை வாங்கிக்கொள்ளும். நாலு கிலோ, அரை மணி நேரம், அதுதான் என் எல்லை. தாண்டினால் கேரியர். காட்டுப் பாதையில் குதித்து ஓட்டுபவர்களுக்கும் முதுகுதான் தோது, வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய இடங்களில் பக்கப்பைகள் பெரும் தொல்லை. தண்ணீருக்கும் முதுகு நல்ல இடம். 1988இல் டெக்ஸஸின் விச்சிட்டா ஃபால்ஸில், கொளுத்தும் வெயிலுக்குப் பேர்போன நூறு மைல் சைக்கிள் ஓட்டத்தில், மைக்கேல் ஐட்சன் என்ற அவசர மருத்துவ ஊழியர் குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் நுழைத்து, சட்டையின் முதுகில் குத்திக்கொண்டார். குழாயைத் தோள்மேல் விட்டுத் துணி கிளிப்பால் பிடிக்கவைத்து உறிஞ்சிக்கொண்டே ஓட்டினார். முதுகில் மாட்டிக்கொண்டு குழாயில் உறிஞ்சிக் குடிக்கும் கேமல்பேக் என்ற தண்ணீர்ப் பை அங்கே பிறந்தது. தண்ணீர்ப் பைக்கு ஒரு வசதி, ஓட்ட ஓட்ட எடை குறைந்துகொண்டே வரும். விமானத்துக்கு அதைக் கொண்டுபோனால் சோதனைக்கு முன்பே காலிசெய்துவிட வேண்டும், 100 மில்லி விதி அதற்கும் உண்டு.

முதுகுப்பையாகவும் கேரியர் பையாகவும் மாறும் இரட்டைப் பைகள் வருகின்றன. ஒன்றை வாங்கி ஆறு மாதம் வைத்திருந்தேன். கேரியரில் மாட்டும் கொக்கி முதுகில் குத்தியது, முதுகு வார் சக்கரத்தில் உரசியது. கொடுத்துவிட்டேன்.

இப்போது விமானத்தோடு சைக்கிள் பயணம் என்றால் என் ஏற்பாடு இது. கருவிகள், பம்பு, பஞ்சர் சாமான் எல்லாம் சைக்கிள் பெட்டிக்குள், எதுவும் பையில் இல்லை. கிளம்பும் முன் பையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிடுகிறேன். நாற்பது லிட்டருக்குப் பதில் 26 லிட்டர்ப் பை, கேரியரில் படுக்கவைத்தால் இருபுறமும் பிதுங்காத அளவு. பையே சின்னது என்பதால் தராசு ஏழைத் தொடுவதே அபூர்வம். போன முறை 5.8. கவுண்டரில் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஜாக்கெட் போட்டுக்கொண்டு வியர்க்க வேண்டிய வேலையும் இருக்கவில்லை.

அந்தப் பழைய பையை நாலைந்து முறை துவைத்துவிட்டேன். தோள் வாரின் உட்பக்கத்தில் உப்புக் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. நைலான் பட்டையில் பக்கிளின் ஒரு பல் உடைந்திருக்கிறது. இருந்தாலும் பிடிக்கிறது. அடுத்த பயணத்துக்கு அதேபோல் இன்னும் இரண்டு வாங்கி பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். வருகைக் கூடத்தில் யாராவது பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றால் கொடுக்கலாம்.